பங்குனி உத்திரமும் வலசைப் பறவைகளும்

ஓம் சரவணபவ!

அன்பு முருக பக்தர்களே, இந்த ஆறெழுத்தை தினமும் எத்தனையோ தடவை சொல்றோம். இன்னிக்கு அதோட பொருளை ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்ப்போம். சரவணம்னா நாணல் காடு. நெற்றிக்கண்ணில் இருந்து வந்த ஆறு பொறிகளையும் கங்கை சுமந்துபோய் நாணல் சூழ்ந்த பொய்கையில சேர்த்தாள். அங்கே ஆறு தாமரையில ஆறு குழந்தைகளா வந்தான் நம்ம கந்தன். தண்ணி, சேறு, நாணல், தாமரை. நம்ம அப்பன் அவதரிச்ச இடம் ஒரு நீர்நிலை.

அந்த மாதிரி ஒரு நீர்நிலை உங்க ஊர்லயும் இருக்கும். ஏரியோ, குளமோ, கண்மாயோ, பேர் எதுவா இருந்தாலும் சரி. பங்குனி மாசம் ஒருநாள் விடியக்காலையில அதோட கரையில போய் நில்லுங்க. அங்கே ஒரு பாதயாத்திரைக் கூட்டம் கிளம்பத் தயாராகிட்டு இருக்கும்.

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தையே எடுத்துக்கோங்க. 1994-ல பறவைகள் சரணாலயமா அறிவிச்ச இடம். குளிர்காலத்துல அங்கே வரித்தலை வாத்து வரும். வெள்ளைத் தலையில ரெண்டு கருப்புக் கோடு, பார்த்தா விபூதிப் பட்டை மாதிரியே இருக்கும். அதோட சொந்த வீடு திபெத், மங்கோலியா பக்கத்து ஏரிகள். அங்கே முட்டையிட்டு, குஞ்சு வளர்த்து, பனி இறங்குறதுக்கு முன்னாடி இமயமலையைத் தாண்டி நம்ம ஊருக்கு வருது. ரெண்டு, மூணு கிலோ எடையுள்ள ஒரு பறவை 7,000 மீட்டருக்கும் மேல பறந்ததை அதன் உடம்புல பொருத்தின கருவி பதிவு பண்ணியிருக்கு. காத்து மெலிஞ்சுபோன அந்த உயரத்துல நமக்கு மூச்சு வாங்கும். இதோட ரத்தத்துக்கு அங்கேயும் ஆக்சிஜனைப் பிடிச்சுக்கிற சக்தியைக் கொடுத்திருக்கான் குன்றுதோறாடும் குமரன்.

இன்னொரு யாத்ரீகர் கருவால் மூக்கன். நீளமான அலகைச் சேத்துக்குள்ள விட்டுப் புழுவும் நத்தையும் தேடும். தை மாசம் பார்த்தா சாம்பல் நிறம். பங்குனியில பார்த்தா கழுத்தும் மார்பும் செங்காவி நிறத்துக்கு மாறியிருக்கும். மாலை போட்டுக் காவி கட்டின சாமி மாதிரியே! தட்டைவாயன்னு ஒரு வாத்து இருக்கு. அதுக்கு ஆண்டி வாத்துன்னும் ஒரு பேர். பழனி ஆண்டவன் பேரைச் சுமந்துகிட்டு அதுவும் வடக்கே கிளம்பிடும்.

காலக்கணக்கைக் கவனிச்சீங்களா? ஐப்பசியில நாம கந்த சஷ்டி விரதம் இருக்கும்போது இந்த வாத்துக் கூட்டங்கள் வர ஆரம்பிக்கும். பங்குனி உத்திரத்துக்கு கொடுமுடியில காவிரித் தீர்த்தம் எடுத்து நம்ம ஆளுங்க பழனிக்கு நடக்கும்போது, அதுங்க வடக்கே புறப்படும். சஷ்டிக்கு வந்து உத்திரத்துக்குக் கிளம்புற விருந்தாளிங்க.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நடைபயணம் போறவங்களுக்கு வழியில தண்ணீர்ப் பந்தல் போடுறோம், அன்னதானம் பண்றோம். ஏன்? நடக்கிறவனுக்குத் தெம்பு வேணும். பறவைக்கும் அதே கதைதான். கிளம்புறதுக்கு முந்தின வாரங்கள்ல அது விடாம சாப்பிட்டு உடம்புல கொழுப்பைச் சேர்க்கும். நீண்ட பயணத்துக்கு அதுதான் எரிபொருள், கட்டுச்சோறு, எல்லாமே. அதுக்கு அன்னதானக் கூடம் நம்ம ஊர்க் குளம்.

அந்த நேரம் பார்த்து ஒருத்தர் கரையில நின்னு கைதட்டி, கல்லெறிஞ்சு, மொத்தக் கூட்டத்தையும் எழுப்பிவிட்டு ரீல்ஸ் எடுக்கிறார். இன்னொருத்தர் ட்ரோன் விடுறார். பதினைஞ்சு நொடி வீடியோவுக்காக, சேர்த்து வச்ச கொழுப்புல கொஞ்சம் வீணா எரிஞ்சுபோகுது. பந்தியில உட்கார்ந்து சாப்பிடுறவரோட இலையை இழுக்கிறதுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்? நாம போட்டுட்டுப் போற தண்ணி பாக்கெட்டும் அன்னதானத் தட்டும் காத்துல பறந்து கடைசியில அதே குளத்துலதான் விழுது. வேலைக் கையில பிடிச்சுக்கிட்டு சரவணப் பொய்கையில குப்பை போடலாமா? கோபப்படாம யோசிங்க.

கூந்தன்குளத்து ஜனங்களைப் பாருங்க. பறவை பயந்துடும்னு தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்கிறதில்லை. வேடந்தாங்கல்லயும் அப்படித்தான். சின்னப் பிள்ளைங்களுக்கு அது எவ்வளவு பெரிய தியாகம்! வருஷா வருஷம் அந்த விரதத்தை ஒரு ஊரே இருக்குது.

நாமளும் ஒரு சின்ன விரதம் எடுத்துப்போமா? மாசாமாசம் கிருத்திகை அன்னிக்கு, கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி, வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற ஒரே குளத்துக்குப் போங்க. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நில்லுங்க. பளிச்னு உடுத்தாதீங்க. போனை சைலன்ட்ல போடுங்க. அரைமணி நேரம் அசையாம, மனசுக்குள்ள சரவணபவ சொல்லிக்கிட்டே பாருங்க. எந்தப் பறவை, எத்தனைன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. பேர் தெரியலைன்னா நிறம், அலகு, கால் எப்படின்னு குறிச்சா போதும். பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்த்தா ரொம்பக் கிட்ட போயிட்டீங்கன்னு அர்த்தம். ரெண்டடி பின்னால வாங்க. திரும்பும்போது கரையில கிடக்கிற பிளாஸ்டிக்கை ஒரு பை நிறையப் பொறுக்கிட்டு வாங்க. அன்னிக்கு அதுதான் உங்க காவடி.

சித்திரைக் கிருத்திகையில போகும்போது தண்ணி கிட்டத்தட்ட காலியா இருக்கும். வருத்தப்படாதீங்க. தோகை விரிக்கிற மயிலும் கூவுற சேவலும் நம்மளோடவே இருக்கு. போனவங்களுக்கும் அவன்தான் வழித்துணை. ஐப்பசியில அவங்க திரும்பி வரும்போது குளத்துல தண்ணியும், கரையில அமைதியும் இருக்கணும். அது நம்ம பொறுப்பு.

உங்க ஊர்க் குளத்தோட பேரை எழுதி, இந்தப் பதிவை உங்க பாதயாத்திரை குரூப்ல பகிருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு... அரோகரா!
வேலும் மயிலும் துணை.