காப்புறுதியும் வாய்மையும்: ஓர் அறவியல் நோக்கு

நாளை நிகழவிருப்பதை அறியாமையே மனிதனின் பொது நிலையாகும். செல்வனும் வறியவனும், கற்றவனும் கல்லாதவனும் இவ்வறியாமையில் சமமானவர்களே. காப்புறுதி என்னும் ஏற்பாடு இச்சமத்துவத்தின் மீதே எழுப்பப்பட்டுள்ளது. பலர் சிறு தொகைகளைக் கட்டுப்பணமாகச் செலுத்த, துன்பம் எவரைத் தீண்டுகின்றதோ அவர் அப்பொதுநிதியிலிருந்து ஈடு பெறுகின்றார். இந்த அளவில் நோக்கின் அது கூட்டுறவு உணர்வின் ஒரு வடிவமே. ஆயின், நோய்க்கோ உடல் இயலாமைக்கோ வழங்கப்படும் காப்புறுதிப் பத்திரம் ஒன்றை எடுத்து வாசிப்பவர் அதனுள்ளே காண்பது கூட்டுறவை அன்று; நிபந்தனைகளையும் விலக்குகளையுமே. முன்பே இருந்த நோய்க்கு ஈடு இல்லை. குறிப்பிட்ட காத்திருப்புக் காலம் கழியும்வரை ஈடு இல்லை. மறைக்கப்பட்ட செய்தி எதுவும் பின்னர் வெளிப்படின் பத்திரமே செல்லாது. இவ்விலக்குகள் எத்துணை நியாயமானவை என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா எனக்கு நூல் வழியாக எழுந்ததன்று. லொறிச் சாரதியாகத் தொழில் செய்த என் தாய்மாமன் இயலாமைக் காப்புறுதி ஒன்றைப் பெற்றிருந்தார். முன்மொழிவுப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. முகவரே அதனை நிரப்பினார்; மாமா கையொப்பம் இட்டார். இரத்த அழுத்தத்திற்குக் குளிசை எடுப்பதை அவர் வாய்விட்டுக் கூறியபோது, “அது ஆருக்குத்தான் இல்லை, அண்ணை?” என்று முகவர் அதனை எழுதாது விட்டார். மூன்றாண்டுகளின் பின் பாரிசவாதம் அவரது வலப்புறத்தை முடக்கியது. மருத்துவமனைப் பதிவேட்டில் பழைய சிகிச்சை பற்றிய குறிப்பு இருந்தது. உண்மையை மறைத்தார் எனக் கூறி அவரது கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. பணம் கிடைக்காமை அவரை வருத்தியது உண்மையே. ஆயினும் ‘மறைத்தவர்’ என்னும் சொல்லே அவரைப் பெரிதும் வருத்தியது. அவர் பொய்யரா? இல்லையெனின், அக்கூற்றுக்கு அடிப்படை யாது?

அதன் அடிப்படை ‘அதியுயர் நம்பிக்கை’ என்னும் சட்டத் தத்துவமாகும். ஏனைய வாணிப ஒப்பந்தங்களில் வாங்குபவனே பொருளை ஆராய்ந்து கொள்ளல் வேண்டும். காப்புறுதியிலோ விற்பனைக்கு வருவது ஒருவனது வருங்கால ஆபத்து. அதனைப் பற்றிய செய்தி அவனிடமே உண்டு. ஆதலின் கேட்கப்படாதவிடத்தும் அவன் முழுவதையும் சொல்லக் கடமைப்பட்டவன் என்பது இத்தத்துவத்தின் சாரம். இதற்கு மூலமாகக் காட்டப்படுவது 1766ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மன்ஸ்பீல்ட் பிரபு வழங்கிய கார்ட்டர் எதிர் போம் வழக்குத் தீர்ப்பாகும். சுமாத்திராவிலிருந்த கோட்டை ஒன்று பகைவர் கைப்படலாம் என்னும் ஆபத்துக்கு எதிராக அதன் ஆளுநர் காப்புறுதி பெற்றிருந்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். கோட்டையின் பலவீனத்தை ஆளுநர் மறைத்தார் என்பது காப்புறுதியாளரின் வாதம். இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. அவ்வழக்கில் வென்றவர் காப்புறுதி பெற்றவரே. காப்புறுதியாளர் தாமே அறிந்திருக்கக்கூடியதை அறியவில்லை எனக் கூறிப் பின்னர் தப்பிக்க இயலாது. நம்பிக்கைக் கடமை இருதரப்பாரையும் பிணிக்கும் என்பதே அத்தீர்ப்பின் கருத்து. பிற்கால வழக்கத்தில் இக்கடமை பெரிதும் ஒருதரப்பின் மீதே சுமத்தப்பட்டது. 2012இல் பிரித்தானியா இயற்றிய சட்டம், நுகர்வோர் தாமே முன்வந்து யாவற்றையும் சொல்லவேண்டும் என்னும் கடமையை நீக்கி, கேட்ட வினாக்களுக்குத் தவறான விடையளிக்காதிருக்க நியாயமான கவனம் எடுத்தால் போதும் என விதித்தமை, இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ஒரு திருத்தம் எனலாம்.

மறுதரப்பின் வாதத்தையும் புறக்கணித்தல் தகாது. நோயுற்ற பின்னர் எவரும் வந்து சேரலாமெனின், நலமாயிருக்கும்போது சேர்வார் எவருமிலர். நோயாளர் மட்டுமே எஞ்ச, கட்டுப்பணம் உயரும்; உயர உயர, நலமுள்ளோர் விலகுவர்; ஈற்றில் நிதியே அழியும். மருத்துவச் சந்தையில் தகவல் ஏற்றத்தாழ்வு விளைவிக்கும் இடர்களை 1963இல் கென்னத் அரோ என்னும் பொருளியலறிஞர் விளக்கியுள்ளார். மேலும், அறிந்தே நோயை மறைப்பவன் கொள்ளையிடுவது நிறுவனத்தை மட்டுமன்று. நேர்மையாகச் செலுத்திய ஏனையோரையுமாகும். ஆகவே வினாக்கள் கேட்பதே அநீதி என்று கூறுவதற்கில்லை.

எனினும், இவ்வாதம் ஓர் எடுகோளின் மீது தங்கியுள்ளது. சேர்வதும் விலகுவதும் அவரவர் விருப்பம் என்பதே அவ்வெடுகோள். 1971இல் ஜோன் றோல்ஸ் தமது நீதி பற்றிய நூலில் ‘அறியாமைத் திரை’ என்னும் கருத்தினை முன்வைத்தார். தனது குலம், செல்வம், உடல்நலம் எவையெனத் தான் அறியாத நிலையில் மனிதன் எவ்விதிகளை ஏற்பானோ அவையே நீதியான விதிகள் என்பது அதன் பொருள். காப்புறுதி இயல்பாகவே அத்தகைய திரையின் பின் நிகழும் உடன்பாடு. படிவத்தின் வினாக்கள் அத்திரையை விலக்கி, ஏற்கெனவே இடருற்றவனை வெளியே நிறுத்துகின்றன. யாவரும் சேர்ந்தேயாக வேண்டும் என்னும் நிலையில் அவ்விலக்கலுக்குத் தேவையில்லை. ஜேர்மனியில் 1883ஆம் ஆண்டின் நோய்க் காப்புறுதிச் சட்டம் தொழிலாளரைக் கட்டாயமாக இணைத்து, கட்டுப்பணத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளரும் ஒரு பங்கை முதலாளியும் செலுத்தச் செய்தது. தொழிலாளர் இயக்கத்தைத் தணிக்கும் அரசியல் நோக்கம் பிஸ்மார்க்கிடம் இருந்ததாயினும், வழி பிழையன்று. நமது நாட்டின் அரசாங்க மருத்துவமனைகளும் ஒருவகையில் படிவமற்ற காப்புறுதியே. உனக்கு இந்நோய் முன்பே இருந்ததா என்று கேட்டு அங்கு எவரும் திருப்பி அனுப்பப்படுவதில்லை. ஆயின் மருத்துவமனை காலைக் குணப்படுத்தலாம். கால் குணமாகும்வரை உழைப்பாளியின் வீட்டில் உலை வைப்பவர் யார்? இயலாமைக் காப்புறுதியின் தேவை இங்குதான் எழுகின்றது.

இயலாமை என்பது யாது? சில பத்திரங்கள் ‘தனது தொழிலைச் செய்ய இயலாமை’ என்று வரையறுக்கின்றன. வேறு சில ‘எத்தொழிலையும் செய்ய இயலாமை’ என்கின்றன. வேறுபாடு ஒரு சொல்லில் உள்ளது. விளைவோ ஒரு வாழ்க்கையளவு. முகவாதத்தால் உதடு கோணிய நாதஸ்வரக் கலைஞர் முதலாவது வரையறையின்படி இயலாதவர். இரண்டாவதன்படி கடையொன்றில் கணக்கெழுத இயலுமாயின் அவருக்கு இழப்பே இல்லை. இதன் பின்னால் மனிதனைப் பற்றிய ஒரு தத்துவம் மறைந்துள்ளது. உழைப்பு என்பது எவ்விடத்தும் விற்கத்தக்க வெறும் பண்டமா, அன்றி ஒருவன் ஆண்டுக்கணக்கில் பயின்று தன்னையே ஆக்கிக்கொண்ட வடிவமா? முன்னதை ஏற்போர் இரண்டாம் வரையறையை ஏற்கலாம். பின்னதே உண்மையென நான் கருதுகின்றேன். குறைந்த கட்டுப்பணத்திற்குக் குறைந்த பாதுகாப்பே தரமுடியும் என்பர். அது உண்மையாயின், வாங்குபவன் அதனை அறிந்தே வாங்குதல் வேண்டும்.

ஈண்டு நாம் மீண்டும் வாய்மைக்கே வந்து சேர்கின்றோம். கேட்டவருக்கு விளங்காத மொழியில் கேட்கப்பட்ட வினாவுக்கு விடையளிக்காதவனைப் பொய்யன் என்றல் பொருந்தாது. நிறுவனத்தின் வாயாக வந்த முகவரின் காதில் விழுந்த செய்தி நிறுவனத்தின் காதில் விழுந்ததேயாம். வாய்மை என்பது உள்ளதைச் சொல்லுதல் மட்டுமன்று. மற்றவர் விளங்கிக்கொள்ளுமாறு சொல்லுதலும், சொன்னதைச் செவிமடுத்தலுமாகும். இவ்விரண்டையும் நிறுவனம் செய்யாதவிடத்து, முதலாவதை மட்டும் நோயாளியிடம் வற்புறுத்துதல் நீதியாகாது.

என் மாமா இன்று இடக்கையால் கையொப்பமிடப் பழகியுள்ளார். எந்தத் தாளையும் எவரேனும் வாசித்து விளக்காமல் அவர் ஒப்பமிடுவதில்லை. அந்த விழிப்பு அவரிடம் முன்பே இருந்திருக்கலாம் என்று கூறுவோர் உளர். அவர் அன்று முகவரை நம்பினார். நம்பிக்கையின் பெயரால் அமைந்த ஓர் ஒப்பந்தத்தில் நம்பியதே ஒருவன் செய்த தவறாக முடியுமாயின், தவறு அவனிடத்தன்று.