மர்மத் தொடர்களும் மறைவானவற்றின் மீதான ஈமானும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக. அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்தவனாக இந்த ஜும்ஆ உரையைத் தொடங்குகிறேன்.



பேய், ஆவி, மறுபிறவி, அதிசய சக்தி என்று எத்தனையோ தொடர்கள் நம் வீடுகளில் ஓடுகின்றன. ‘உண்மைச் சம்பவம்’ என்று போட்டுவிட்டு, இருட்டையும் இசையையும் சேர்த்துக் காட்டுகிறார்கள். பார்த்த பிள்ளை இரவில் தனியே எழுந்து போகப் பயப்படுகிறது. பெரியவர்களில் சிலர், “ஜின் இருப்பதாக நம் மார்க்கமே சொல்கிறதே, அப்படியானால் இதுவும் உண்மைதான்” என்கிறார்கள். படித்த இளைஞர் சிலரோ, “இதெல்லாம் பொய் என்றால் ஜின், மலக்கு என்பதும் அப்படித்தானோ?” என்று சந்தேகத்தில் விழுகிறார்கள். இரண்டும் ஆபத்து. ஒன்று ஈமானோடு மூடநம்பிக்கையைக் கலக்கிறது. மற்றொன்று மூடநம்பிக்கையோடு சேர்த்து ஈமானையும் தூக்கி எறிகிறது.

ஒரு தொடர் வெளிக்கொண்டு வந்த உண்மை

ஆர்தர் சி. கிளார்க் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளரைப் பலர் அறிந்திருப்பீர்கள். இங்கிலாந்தில் பிறந்தவர், இலங்கையில் பல்லாண்டு வாழ்ந்து 2008இல் அங்கேயே இறந்தவர். அவர் வழங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடர் 1985இல் பிரிட்டனில் ஒளிபரப்பானது. ஆவிகள், தீமிதி, இறந்தவர்களிடமிருந்து வரும் செய்திகள் என்று மனித சக்திக்கு மீறியதாகச் சொல்லப்படும் விஷயங்களை அது ஆராய்ந்தது. அதில் இரண்டு மூதாட்டிகள் பேசினார்கள். எல்சி, பிரான்சஸ் என்பது அவர்கள் பெயர்.

1917இல் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில், 9 வயது பிரான்சஸும் அவளுக்கு அக்காள் முறையான எல்சியும் ஓடைக்கரையில் சில புகைப்படங்கள் எடுத்தார்கள். சிறகு முளைத்த குட்டித் தேவதைகள் அவர்களோடு விளையாடுவது போல் அவற்றில் தெரிந்தது. இந்தப் படங்கள் ஆர்தர் கோனன் டாயிலின் பார்வைக்கு வந்தன. ஷெர்லாக் ஹோம்ஸ் என்ற துப்பறியும் பாத்திரத்தைப் படைத்தவர் அவர், மருத்துவம் படித்தவர். இறந்தவர்களோடு பேச முடியும் என்று நம்பியவர். முதல் உலகப் போர்க் காலத்தில், 1918இல், தம் மகனையும் பறிகொடுத்திருந்தார். அந்தப் படங்களை அவர் உண்மையென்று நம்பி 1920இல் பத்திரிகையில் எழுதினார். 1922இல் ஒரு நூலே வெளியிட்டார். 1930இல் இறந்தார்.

உண்மை வெளிவர 1983 ஆனது. ஒரு புத்தகத்திலிருந்த படங்களைப் பார்த்து வரைந்து, அட்டையில் வெட்டி, தொப்பி ஊசியால் செடிகளுக்கு நடுவே நிறுத்தி எடுத்ததுதான் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஐந்து படங்களில் கடைசிப் படம் மட்டும் உண்மை என்று பிரான்சஸ் கடைசிவரை சொன்னார். எல்சி அதையும் ஏற்கவில்லை.

சகோதரர்களே! கிளார்க்கின் தொடரில் அவர்கள் சொன்னதைக் கவனியுங்கள். கோனன் டாயில் போன்ற பெரிய அறிவாளியே நம்பிவிட்ட பிறகு, கிராமத்துப் பிள்ளைகளான நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் முடிந்தது என்ற கருத்தில் எல்சி பேசினார். மக்கள் ஏமாறவே விரும்பினார்கள் என்றார் பிரான்சஸ்.

விளையாட்டாகச் செய்த ஒரு பொய். அதை அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ வைத்தவை இரண்டு: ஏமாற விரும்பிய மனம், உண்மை தெரிந்தவர்களின் மௌனம்.

மௌனம் காக்காத நபி (ஸல்)

மகனை இழந்த இன்னொரு தந்தையைப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களின் குழந்தை இப்ராஹீம் (ரலி) இறந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. “நபியின் மகன் இறந்ததால்தான் சூரியனே இருண்டுவிட்டது” என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். யாரும் திட்டமிட்டுப் பரப்பிய பொய் அல்ல அது; அன்பினால் வந்த பேச்சு. நபி (ஸல்) அவர்கள் எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால், அந்தப் பேச்சு அவர்களின் அற்புதமாகவே பரவியிருக்கும்.

ஆனால் அந்தத் துயரத்திலும் அவர்கள் மௌனம் காக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தி, தொழுகையின் பக்கமும் துஆவின் பக்கமும் மக்களைத் திருப்பினார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி. பொய் சொல்லி மார்க்கத்தை வளர்ப்பவராக இருந்தால் இந்த வாய்ப்பை விட்டிருப்பாரா? சிந்தித்துப் பாருங்கள்!

மறைவானவற்றை நம்புவது எப்படி?

நாம் மறைவானவற்றை நம்புகிறவர்கள். வானவர்கள் உண்டு, ஜின்கள் உண்டு, கப்றின் வாழ்க்கை உண்டு. அல்லாஹ்வும் அவன் தூதரும் அறிவித்ததால் நம்புகிறோம். அதனால்தான் மற்றவர்கள் சொல்லும் கதைகளை நாம் கூடுதல் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும்.

இறந்தவர்களுக்குப் பின்னால், எழுப்பப்படும் நாள் வரை ‘பர்ஸக்’ என்னும் தடை இருக்கிறது என்று குர்ஆன் (23:100) கூறுகிறது. எனவே இறந்தவர் ஆவியாகத் திரும்பி வந்து வீட்டைச் சுற்றுகிறார் என்பதற்கு இடமில்லை. ஜின்களுக்கும் மறைவானது தெரியாது. சுலைமான் (அலை) அவர்கள் கைத்தடியில் சாய்ந்தபடியே வஃபாத்தான பிறகும், அது தெரியாமல் ஜின்கள் கடும் வேலையைச் செய்துகொண்டிருந்தன. தடியைப் பூச்சி அரித்து, அவர்களின் உடல் சாய்ந்த பிறகுதான் அவற்றுக்கு விளங்கியது (34:14). கண் முன்னால் நின்றவரின் மரணத்தையே அறியாத ஜின்னா நம் மகளின் திருமணத் தேதியைச் சொல்லப் போகிறது?

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, கேட்டதையெல்லாம் பரப்பாதீர்கள். கேள்விப்பட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்று நபி (ஸல்) எச்சரித்தார்கள் (முஸ்லிம்). வாட்ஸ்அப்பில் வரும் ‘பேய் வீடியோ’வுக்கும் இது பொருந்தும். நமக்கு அறிவில்லாத விஷயத்தைப் பின்தொடர வேண்டாம். செவி, பார்வை, உள்ளம் எல்லாம் விசாரிக்கப்படும் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (17:36).

இரண்டாவது, வீட்டில் ஒரு பெண் திடீரென்று அழுதால், பேசாமல் இருந்தால், வலிப்பு வந்தால், உடனே “பேய் பிடித்துவிட்டது” என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பட்டம் சூட்டப்பட்ட பிள்ளையை அதன்பின் யார் மனிதராக மதிக்கிறார்கள்? மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குர்ஆன் ஓதி துஆவும் செய்யுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. குறிகாரரிடம் மட்டும் போகாதீர்கள். அவரிடம் சென்று எதையேனும் கேட்பவரின் நாற்பது இரவுத் தொழுகை ஏற்கப்படாது என்ற ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது.

மூன்றாவது, பிள்ளைகளின் பயத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். தூங்கும் முன் இக்லாஸ், ஃபலக், நாஸ் சூராக்களை ஓதி, கைகளில் ஊதி, உடலில் தடவிக்கொள்ளும் நபிவழியை அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். தாயின் மடியில் கற்ற அந்தப் பாதுகாப்பு வாழ்நாள் முழுதும் கூட வரும்.

கடைசியாக, உண்மை தெரிந்தவர்கள் வாய் திறக்க வேண்டும். ‘பெரியவர்கள் நம்புகிறார்களே, நான் எப்படிச் சொல்வது?’ என்ற தயக்கம்தான் காட்டிங்லிப் பொய்யைக் காத்தது. நம் தெருவில், நம் குடும்பத்தில் ஒரு பொய் மார்க்கத்தின் பெயரால் உலவினால், அன்போடும் மரியாதையோடும் எடுத்துச் சொல்வோம்.

யா அல்லாஹ்! உண்மையை உண்மையாகக் கண்டு அதைப் பின்பற்றும் பாக்கியத்தை எங்களுக்குத் தருவாயாக! பொய்யைப் பொய்யாகக் கண்டு விலகும் துணிவைத் தருவாயாக! எங்கள் பிள்ளைகளின் உள்ளங்களில் உன்னைத் தவிர வேறு எதன் அச்சமும் குடிகொள்ளாமல் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.