பிறர் வேதமும் நமது ஸனதும்

பிறர் வேதத்தைப் படிப்போர் பல நோக்கத்தினர். மறுப்பதற்காகப் படிப்பவர் உண்டு. தம் இனத்தின் பெருமைக்கு அதில் சான்று கிடைக்குமா என்று தேடிப் படிப்பவர் உண்டு. அவ்வேதத்தை நம்பி வாழ்வோர் அதனை எங்ஙனம் விளங்கிக் கொள்கின்றனர் என்பதை அறிவதற்காகவே படிப்பவரும் உண்டு. இம்மூன்றாம் வகையினர் எக்காலத்தும் சிலரே. யூதர்களின் சமய நூல்களைப் பொறுத்தவரை, தமிழ் முஸ்லிம்களாகிய நம்மிடையே அச்சிலரையும் தேடித்தான் காண வேண்டும். இதனை வெறும் கல்விக் குறை என்று விட்டுவிடலாமா, அன்றி நீதியைப் பற்றிய குறை என்று கொள்ள வேண்டுமா என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி.

நாம் வாழும் திருத்தணி முருகன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். முருகனுக்கு ஊர்தி மயில் என்பது நாடறிந்தது. ஆயினும் இம்மலைக் கோயிலில் சந்நிதிக்கு எதிரே யானை நிற்பதைத் தலத்தின் தனிச் சிறப்பாக இந்து சகோதரர்கள் எடுத்துரைப்பர். மயிலும் யானைத் தந்தமும் ஒரே வரியில் சேர்ந்து வரும் பழைய நூலொன்று எபிரேய மொழியில் இருக்கிறது. அரசர்களின் வரலாறு கூறும் அந்நூலின் 10ஆம் அத்தியாயத்தில், ஹஜ்ரத் சுலைமான் (அலை) அவர்களுடைய கப்பல்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை கொண்டு வந்த பொருள்களுள் பொன், வெள்ளி, தந்தம், குரங்கு ஆகியவற்றோடு 'துக்கிய்யீம்' என்பதும் சொல்லப்படுகிறது. அது மயிலைக் குறிக்கும் என்றும், நமது 'தோகை' என்னும் சொல்லே அங்ஙனம் கடல் கடந்து சென்றது என்றும் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் எழுதினார்.

பின்னர் இத்துறையில் ஆழ்ந்து உழைத்தவர் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாயிம் ராபின். 1968இல் சென்னையில் கூடிய உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டின் கருத்தரங்குத் தொகுதியில், எபிரேய வேதத்தில் காணப்படும் கடன்சொற்களைக் கொண்டு தமிழகத்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் இடையே நிலவிய பழைய வாணிகத்தை ஆராயும் அவரது கட்டுரை இடம் பெற்றது. 1973இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரையில், சுலைமான் நபியின் பெயரால் வழங்கும் உன்னதப்பாட்டைச் சங்க அகப்பாடல்களோடு ஒப்பிட்டார். இரண்டிலும் தலைவியின் குரல் ஓங்கி ஒலிப்பதையும், பிரிவின் ஏக்கம் மேலிடுவதையும் அவர் சுட்டினார். இதே ராபின் 1951இல் ஹிஜாஸ் முதலிய மேற்கு அரபுப் பகுதிகளின் பண்டை வழக்குகளைப் பற்றி நூலெழுதியவர். திருமறையின் மொழியை ஆராய்வோர் இன்றும் அதனைப் புரட்டுகின்றனர். ஒருவரே அரபிக்கும் எபிரேயத்துக்கும் தமிழுக்கும் தம் காலத்தைச் செலவிட்டார் என்பது நமக்கு வியப்பளிக்கிறது.

இங்கேதான் சோதனை தொடங்குகிறது. தோகைச் செய்தியைக் கேட்டதும் தமிழ் மேடைகள் அதனை முடிந்த முடிபாகவே முழங்கின. உண்மையில் அது அவ்வளவு எளிதன்று. கிறிஸ்துவுக்கு முன்னரே கிரேக்கத்தில் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் மயிலும் இல்லை, தந்தமும் இல்லை. கற்களைப் பற்றிய பேச்சே இருக்கிறது. ஆல்பிரைட் என்னும் அறிஞர் அச்சொல் எகிப்திய மூலத்தினது என்றும், ஒருவகைக் குரங்கைக் குறிப்பது என்றும் கருதினார். இன்றைய எபிரேயத்திலோ 'துக்கி' என்றால் கிளி. மயிலுக்குப் பெயர் 'தவாஸ்', நாம் அரபியில் சொல்லும் 'தாவூஸ்' என்பதன் உறவு. தோகை என்னும் மூலம் பொருத்தமானது, ஏற்கத்தக்கது என்பதே நமது கருத்தும். ஆயினும் 'ஏற்கத்தக்கது' என்பது வேறு, 'நிறுவப்பட்டது' என்பது வேறு. ஹதீஸ் கலை பயின்றோர்க்கு ஹஸனுக்கும் ஸஹீஹுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூரில், ஒரு சொல் தமிழா தெலுங்கா என்று கேட்டால் இரு சாராரும் தமதென்றே கூறுவர். உரிமை கொண்டாடும் ஆசை சான்றைவிட விரைவாக நடக்கும்.

புகழ்ச்சியில் நேரும் பிழை இவ்வளவென்றால், பகையில் நேரும் பிழை இன்னும் கொடியது. தல்மூது என்பது யூத மார்க்க அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் நடத்திய விவாதங்களின் பெருந்தொகுதி. பாபிலோனியத் தல்மூது மட்டுமே வழக்கமான அச்சுப் பதிப்பில் 2,711 ஏடுகள் கொண்டது. அதில் ஒருவர் கருத்தை மற்றவர் மறுப்பார். தோற்ற கருத்தும் சொன்னவர் பெயரோடு பாதுகாக்கப்படும். அதிலிருந்து ஒரு வரியைப் பிய்த்தெடுத்து 'யூதர்களின் சட்டம் இது' என்று காட்டுவது, நமது ஃபிக்ஹு நூலில் மறுக்கப்பட்ட ஒரு கூற்றை எடுத்து 'இஸ்லாம் இதுதான்' என்று பிறர் காட்டுவதற்கு ஒப்பாகும். அவ்வாறு நமக்குச் செய்யப்படும்போது நாம் எவ்வளவு கொதிக்கிறோம்!

நம்மவர் துண்டுப் பிரசுரங்களில் 'தல்மூது கூறுகிறது' என்று வலம்வரும் மேற்கோள்கள் பலவற்றின் ஊற்று எது? ஆகஸ்ட் ரோலிங் என்னும் ஜெர்மன் கத்தோலிக்கப் பாதிரியார் 1871இல் வெளியிட்ட 'தல்மூது யூதன்' என்னும் நூல். திரிப்பும் புனைவும் நிறைந்த அந்நூலை யோசேப் பிளோக் என்னும் யூத குரு வெளிப்படையாகக் கண்டித்தார். ரோலிங் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். ஆனால் விசாரணை நெருங்கிய 1885இல் தாமே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்நூல்தான் 1899இல் கெய்ரோவில் அரபியாக்கப்பட்டு முஸ்லிம் உலகுக்குள் நுழைந்தது. ஐரோப்பியக் கிறிஸ்தவனின் பழம்பகை அரபி உடை உடுத்தி வந்ததும் அதனை நமது சொந்தக் கல்வியாக வரவேற்றோம். ஒரு நபிமொழியை ஏற்குமுன் 'யாரிடமிருந்து கேட்டீர்? அவர் யாரிடமிருந்து கேட்டார்?' என்று வினவும் சமுதாயம், இங்கு மட்டும் ஸனதைக் கேட்கவில்லை. தல்மூதிலோ இன்னார் இன்னாரின் பெயரால் கூறினார் என்னும் தொடர் எங்கும் நிறைந்திருக்கிறது. அவர்களுடைய முன்னோர் அறவுரைத் தொகுப்பு மூஸா (அலை) அவர்களிலிருந்து யூஷஃ (அலை), மூப்பர்கள், நபிமார்கள் என்று இறங்கிவரும் ஒரு ஸில்ஸிலாவோடுதான் தொடங்குகிறது.

'முன்வேதங்களைப் புரட்டுவதே கூடாதல்லவா?' என்பர் சிலர். உமர் (ரலி) அவர்கள் தௌராத்தின் ஏட்டொன்றைக் கொண்டு வந்தபோது நபி பெருமானார் (ஸல்) அவர்கள் முகம் மாறினார்கள் என்னும் அறிவிப்பை எடுத்துக்காட்டுவர். அதன் தொடரில் குறை உண்டென்பதையும், கல்வியில் வேரூன்றியவர் பார்ப்பதற்கும் மற்றவர் பார்ப்பதற்கும் இப்னு ஹஜர் (ரஹ்) வேறுபாடு செய்வதையும் அவர்கள் சொல்வதில்லை. ஸைது இப்னு தாபித் (ரலி) யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஏவப்பட்டு, அரை மாதத்திற்குள் கற்றுத் தேர்ந்தார். அக்கட்டளைக்குக் காரணம் நட்பன்று, எச்சரிக்கையே. இதனை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் எச்சரிக்கையின் பொருட்டும் செவிவழிச் செய்தி போதாது, சொந்தக் கண்ணால் படிக்க வேண்டும் என்பதல்லவா அங்கு கற்பிக்கப்பட்டது? வேதக்காரர் கூறுவதை உண்மை என்றும் சொல்லாதீர், பொய் என்றும் சொல்லாதீர் என்னும் கருத்தில் புகாரியில் பதிவான நபிமொழியின் முதற்பாதி நம்மவர்க்கு மனப்பாடம். மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இமாம்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருந்ததும் உண்மை. குர்துபாவின் இப்னு ஹஸ்மு தௌராத்தை மறுப்பதற்காகவே படித்தார். ஆயினும் எண்களைக் கூட்டிப் பார்க்குமளவு ஊன்றிப் படித்தார். டமாஸ்கஸில் ஹிஜ்ரி 885இல் மறைந்த அல்பிகாயீ தமது தஃப்சீரில் தௌராத்தையும் இன்ஜீலையும் நேரடியாக எடுத்தாண்டார். புயல் கிளம்பியது. அவர் தம் செயலை நியாயப்படுத்தித் தனி நூல் எழுதினார். ஸகாவீ அதற்கு எதிராக எழுதினார். நாம் அல்பிகாயீயின் பக்கம் நிற்கிறோம். எனினும் மறுப்பாளராகிய இப்னு ஹஸ்முகூட இன்றைய துண்டுப் பிரசுரக்காரரைத் தம் மஜ்லிஸில் அமர விட்டிருக்க மாட்டார்.

இனிச் சொல்லப்போவது கடினமானது. 1948 முதல் பாலஸ்தீன மக்கள் இழந்தவற்றையும், 2023 அக்டோபருக்குப் பின் காஸா கண்ட பேரழிவையும் எண்ணும்போது, யூத நூல்களை அமைதியாகப் படியுங்கள் என்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது போலத் தோன்றலாம். அந்தச் சினம் நியாயமானது; அநீதி கண்டு சினவாதவனிடம் ஈமானின் வலுவை எங்கே தேடுவது? ஆனால் அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் பகையே இல்லாத நிலையைப் பற்றிப் பேசவில்லை. பகை இருக்கும்போதே நீதி தவறக்கூடாது என்பதே அங்குள்ள கட்டளை. மேலும் ஒரு மெய்யான முறையீட்டோடு பொய்ச் சான்றை இணைத்தால் மெய்யும் ஐயத்துக்குள்ளாகும். காஸாவின் குழந்தைகளுக்காக வாதாட ரோலிங்கின் புனைவு தேவையில்லை.

அந்நூல்கள் நமக்கு அந்நியமும் அல்ல. 849இல் கொல்லத்தில் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் வாசகம் வட்டெழுத்தில் இருக்க, சாட்சிக் கையொப்பங்கள் கூஃபி அரபியிலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் இருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பின் யீஜூ என்னும் யூத வணிகரின் கடிதங்கள் கெய்ரோவின் பழைய தொழுகைக் கூடமொன்றில் கிடைத்தன. அவற்றின் மொழி அரபி, எழுத்து எபிரேயம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் தமிழை அரபி எழுத்தில் எழுதி 'அரபுத் தமிழ்' கண்டார்களே, அதன் மறுபுறம் இது.

மூஸா இப்னு மைமூனின் 'தலாலத்துல் ஹாயிரீன்' என்னும் தத்துவ நூலும் அவ்வாறு எபிரேய எழுத்தில் அமைந்த அரபி நூலே. ஃபாராபியையும் இப்னு ஸீனாவையும் கற்றோர்க்கு அதன் கலைச்சொற்கள் பழகியவை. எழுத்து ஒன்றே தடையாக நின்றது. அங்காரா பல்கலைக்கழகத்தின் ஹுஸைன் அத்தாய் என்னும் முஸ்லிம் அறிஞர் அதனை முழுவதும் அரபி எழுத்துக்கு மாற்றி 1974இல் பதிப்பித்தார். நம் மத்ரஸா நூலகங்கள் அப்பதிப்பை வரவழைத்து வைக்கலாம். எபிரேய நெடுங்கணக்கில் எழுத்துகள் 22தாம். ஸைது (ரலி) அவர்களுக்கு அரை மாதம் போதுமாயிருந்தது.