களை எது?

தீமையை இனம் காண்பது எளிது என்று நாம் நினைக்கிறோம். கொடிரோஜா என்னும் பூங்கொடி அந்த எண்ணத்தைச் சோதிக்கிறது.

மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இதனை நம் வீட்டு வாயில் வளைவுகளில் அழகுக்காகவே படரவிட்டோம். வேலி தாண்டிப் புதர்க்காட்டை அடைந்ததும் அது மரஞ்செடிகளின்மேல் போர்வையாய் மூடி, அவற்றுக்குரிய வெயிலைத் தடுக்கிறது. வெட்டினாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. கரிபியன் கடலில் 21 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட சின்ட் யூஸ்டேசியஸ் தீவில் இது பெருந்தொல்லையாகப் பரவியுள்ளது.

அகற்றத்தான் வேண்டும். ஆனால் அதே புதரில் சீந்தில் கொடியும் படர்ந்திருக்கலாம். இரண்டின் இலைகளும் இதய வடிவின. கொடிரோஜாவின் இலைவிளிம்பு நெளிந்திருக்கும். இளஞ்சிவப்புப் பூங்கொத்தின் நுனியில் பற்றுக்கம்பி சுருண்டிருக்கும். சீந்திலுக்குப் பற்றுக்கம்பி இல்லை. தண்டே சுற்றி ஏறும். நூல்போன்ற விழுதுகள் தொங்கும். பூ சிறியது, மஞ்சள் கலந்த பச்சை நிறத்தது. இலையை மட்டும் பார்த்து அரிவாளை ஓங்குகிறவர், சித்த மருத்துவம் போற்றும் மூலிகையை வெட்டிவிடுவார்.

அப்படியானால் அயல்நாட்டிலிருந்து வந்ததுதான் குற்றமா? மிளகாயும் தக்காளியும் கடல் கடந்து வந்தவையே. அவையின்றி நம் சமையல் இல்லை. கொடிரோஜாவும் இறைவன் படைத்த நல்ல உயிரே. தீமை தனியொரு பொருளன்று, நன்மையின் குறைபாடே என்று புனித அகுஸ்தினார் கற்பித்தார். அழகோ பிறப்பிடமோ அல்ல, அருகிலிருப்பதை வாழவிடுகிறதா என்பதே இங்கு அளவுகோல்.

மனிதரிடையே இந்த அளவுகோலை எவ்வளவு எளிதாக மறந்துவிடுகிறோம்! பிழைப்புத் தேடி வந்தவரை 'வந்தேறி' என்கிறோம். ஊருக்கு ஒவ்வாதவரைக் 'களை' என்கிறோம். இனிய சொல்லும் நல்ல தோற்றமும் உடைய ஒருவர் பிறருக்குரிய வெயிலை மறைத்து வளரும்போது அதைக் காணத் தவறுகிறோம்.

மத்தேயு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் வரும் நிலக்கிழார், களைகளைப் பறிக்கத் துடித்த பணியாளர்களைத் தடுக்கிறார். கோதுமையும் சேர்ந்து பறிபட்டுவிடும் என்பதே அவர் கவலை. உழவர் களையெடுக்கக் கூடாது என்று ஆண்டவர் சொல்லவில்லை. மனிதர்மீது இறுதித் தீர்ப்பு வழங்கும் உரிமையையே தமக்கென வைத்துக்கொண்டார். அநீதியைத் தட்டிக் கேட்கும் கடமை நமக்கு உண்டு. அநீதி செய்தவரை வேரோடு பிடுங்கி எறியும் அதிகாரம் இல்லை.

காரணம் எளிது. கொடிரோஜா ஒருநாளும் சீந்திலாக மாறாது, மனிதர் மாறுவர். திருச்சபையைத் துன்புறுத்திய சவுலை அன்றே பிடுங்கியிருந்தால், நமக்குப் பவுல் கிடைத்திருக்க மாட்டார்.