வேகத்தின் காரணம் எது?
2020 செப்டம்பரில் மோன்சா பந்தயத்திலிருந்து, ஃபார்முலா ஒன் கார்கள் தகுதிச்சுற்றிலும் பந்தயத்திலும் எஞ்சினை ஒரே இயக்கநிலையில் வைக்க வேண்டும் என்று அப்பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்.ஐ.ஏ. விதித்தது. மெர்சிடிஸின் தகுதிச்சுற்று வேகத்துக்குத் தனி எஞ்சின் நிலையே காரணம் என நம்பிய ரசிகர்கள் சரிவை எதிர்பார்த்தனர். ஆனால் மோன்சா தகுதிச்சுற்றிலேயே அவ்வணியின் ஓட்டுநர் ஹாமில்டன் 1 நிமிடம் 18.887 விநாடியில் முதலிடம் பிடித்தார். ஃபார்முலா ஒன் அதுவரை கண்டிராத வேகச் சுற்று அது.

இந்தியத் தர்க்க மரபான நியாய தத்துவம் காரணத்தை இருவழியில் சோதிக்கும்: அது இருக்கையில் விளைவு உண்டா, நீக்கினால் விளைவு மறைகிறதா? இங்கே நீக்கியும் விளைவு நின்றது. அதனால் எஞ்சினுக்குப் பங்கே இல்லை என்றாகாது. புதிய விதி எல்லா அணிகளையும் கட்டுப்படுத்தியது; தனி எஞ்சின் நிலையே ஒரே காரணம் என்ற வாதம் மட்டுமே விழுந்தது. இன்னொரு கேள்வி அறம் பற்றியது. பருவத்தின் நடுவே விதியை மாற்றுவது, அனைவருக்கும் பொதுவானாலும், முன்பிருந்த விதியை நம்பி உழைத்தவருக்கு நீதியாகாது. எனினும் அந்த மாற்றம் மெர்சிடிஸைத் தடுக்கவில்லை: அவ்வாண்டின் 17 தகுதிச்சுற்றுகளில் 15-இல் மெர்சிடிஸே முதலிடம் பெற்றது.