பிறர் மனம் அறிதல்

சென்ற முறை மங்கலம்பேட்டையிலிருந்து திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதரைத் தரிசிக்கச் சென்றபோது, உடன் வந்த பொறியியல் மாணவர் ஒருவர் நம்மிடம் ஒரு வினாத் தொடுத்தார். "ஐயா, மனிதன் காணும் காட்சியை அவன் மூளையிலிருந்தே கருவி படமாக்கிவிட்டது என்கிறார்கள். முனிவர்க்கே உரியது என்று நம் ஆகமம் கூறும் மனப்பர்யய ஞானம் இனிக் கடையில் கிடைக்குமோ?" வினாவில் சிறிது கேலி கலந்திருந்தது, ஆயினும் புறந்தள்ளத்தக்கதன்று.

நிகழ்ந்தவற்றை முதலில் நோக்குவோம். 2011இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜாக் கேலண்ட் குழுவினர், திரைப்படத் துணுக்குகளைப் பார்த்தோரின் மூளைப் பதிவிலிருந்து மங்கலான அசையும் படங்களை வரைவித்தனர். 2023இல் ஜப்பானின் ஒசாகாவில் தகாகி, நிஷிமோட்டோ இருவரும் செயற்கை நுண்ணறிவின் துணையால் இன்னும் தெளிவான படங்களைப் பெற்றனர். ஆனால் ஸ்கேன் கருவி எண்ணத்தைக் காண்பதில்லை. நரம்பணுக்கள் உழைக்குமிடத்தில் குருதியின் உயிர்வளி மாறுவதையே, அதுவும் சில நொடிகள் பிந்தி, அளக்கிறது. ஆயிரக்கணக்கான படங்களை ஒருவருக்குக் காட்டி, அவர் மூளையின் போக்கைக் கணினி பயின்ற பின்னரே ஊகிக்கிறது. அவ்வோவியத்தின் தெளிவில் ஒரு பங்கு கணினியின் கைச்சரக்கே. 2023இல் டெக்சாஸில் மூளைப் பதிவிலிருந்து சொற்களை ஊகித்த ஆய்விலோ, பங்கேற்றவர் பதினாறு மணி நேரம் கதை கேட்டுக் கருவியைப் பழக்கினார்; பின்பு அவரே மனத்துள் வேறொன்றை எண்ணத் தொடங்கியதும் கருவி தோற்றது.

எனினும் "கருவி சடத்தைத்தானே தொடுகிறது" என்று கூறி நாம் தப்பிக்க இயலாது. மனப்பர்யயமும் உருவுடைப் பொருளையே விடயமாகக் கொள்ளும் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கொள்கை. வேறுபாடு பொருளில் இல்லை, உரியவரிடத்தில் உள்ளது. மதி, சுருதம், அவதி ஆகிய மூன்றும் மித்தியாத்துவம் உடையவரிடம் திரிந்து போகலாம். அவதியோ தேவர்க்கும் நரகர்க்கும் பிறப்பிலேயே வாய்க்கிறது. மனப்பர்யயம் தேவர்க்கும் கிட்டாது. சீரிய ஒழுக்கமும் ருத்தியும் உடைய முனிவர்க்கே அது தோன்றும், திரிவதும் இல்லை. பிறர் உள்ளத்தைக் காணும் ஆற்றல், பிறரிடம் எதையும் வேண்டாதவர்க்கே உரியதாயிற்று என நாம் இதனைப் பொருள் கொள்கிறோம்.

வேண்டுபவர் கையில் அது சென்றால் என்னாகும் என்பதற்கு அயல்நாட்டைத் தேட வேண்டியதில்லை. 2008 ஜூனில் பூனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இளம்பெண் ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சான்றுகளுள் ஒன்று மூளை மின்னலைச் சோதனை. தலையில் மின்முனைகளைப் பொருத்தி, குற்றம் பற்றிய வாக்கியங்களை அவர் காதில் விழச் செய்தனர். அவர் வாய் திறக்கவில்லை. குற்றத்தின் அனுபவம் அவர் நினைவில் இருப்பதாகக் கருவி கூறியது! அதே ஆண்டில் பெங்களூர் நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான வல்லுநர் குழு, இம்முறைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று அறிவித்தது.

பின்னர் 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்னும் வழக்கில், ஒருவர் இசைவின்றி இச்சோதனைகளை அவர்மீது நடத்தலாகாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனக்கெதிராகத் தானே சான்று கூறுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்னும் அரசியலமைப்பின் 20(3)ஆம் பிரிவே அதற்கு அடிப்படை. இசைவு நீதித்துறை நடுவர் முன் பதிவாதல் வேண்டும். வழக்கறிஞர் துணையும் வேண்டும்.

நம் மனம் தங்குவது இந்த 'இசைவு' என்னும் சொல்லில். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினையை மூன்றாக எண்ணிய மரபு நம்முடையது. உடன்படுதலை நாம் சிறிதாகக் கருதியதில்லை. பூனேப் பெண்ணும் சோதனைக்கு உடன்பட்டவரே. காவல் நிலையத்தில் இரவு முழுதும் அமர்த்தப்பட்ட கூலித் தொழிலாளி தாளில் கைநாட்டு வைக்கும்போது, தம் உள்ளத்தில் எதைத் திறந்துவிடுகிறோம் என்று அறிந்தா வைக்கிறார்? மறுத்தால், அம்மறுப்பையே குற்றத்தின் அடையாளமாகக் கொள்ளமாட்டார்களா?

இதனை அம்மாணவரிடம் கேட்டோம். பேருந்து வரும்வரை அவர் பேசவில்லை. பின்னர், "எங்கள் பாடத்தில் இது இல்லை, ஐயா" என்றார்.