கருணைக்குக் கத்தி ஆகுமா?

(தர்மகர்த்தா சபை உறுப்பினர் ஒருவர், இளைப்பாறிய அரசாங்க எழுதுவினைஞர்)

மகாபாரதம் என்னும் மாபெரும் இதிகாசத்தின் தொடக்கப் பகுதியிலே ஒரு நாய்க்குட்டி அழுகின்றது. ஜனமேஜய மன்னன் யாகம் செய்த இடத்துக்கு வந்த அக்குட்டியை அவனுடைய தம்பிமார் அடித்துத் துரத்துகின்றனர். அது அவியுணவை நக்கவுமில்லை, ஏறிட்டுப் பார்க்கவுமில்லை. தாய் நாயாகிய சரமை மன்னனிடம் நேரில் வந்து நியாயம் கேட்கின்றாள். மறுமொழி கிடைக்காதபோது, எதிர்பாராத அச்சம் உன்னை வந்து சேரும் என்று சபித்துச் செல்கின்றாள். அதே இதிகாசத்தின் முடிவிலே, தன்னைப் பின்தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்து நிற்கின்றார் தருமபுத்திரர். எமது ஆலயத்தின் ஈசான மூலையில் எழுந்தருளியிருக்கும் வைரவப் பெருமானுக்கு வாகனமும் நாயே.

ஆகவே நாயை அடிப்பது பாவம் என்பதைச் சைவ மக்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. நாய்க்கு நன்மை செய்யும் நோக்கத்தோடு அதன் உடலில் கத்தி வைக்கலாமா? ஒரு பெட்டை நாயின் கருப்பையை அகற்றுவது ஜீவகாருண்யம் ஆகுமா? அதைச் செய்வதற்கென்றே கடல் கடந்து செல்லும் தொண்டர்களின் பணி புண்ணியமா, வீண் வேலையா? இவ்வாண்டு மலரிலே அடியார்களோடு சேர்ந்து இதனைச் சிந்திக்க விரும்புகின்றேன்.

இக்கேள்வி என் மனதில் எழக் காரணமானவள் எனது தமையனாரின் மகள். அவுஸ்திரேலியாவில் மிருக வைத்தியத் தாதியாகப் பணிபுரிகின்றாள். தனது வருடாந்த விடுமுறையைப் பயன்படுத்தி, விமானச் சீட்டையும் சொந்தப் பணத்தில் வாங்கி, இந்தியாவின் வடகோடியிலுள்ள லடாக் பிரதேசத்துக்கு நாய்களுக்கான நடமாடும் சிகிச்சை முகாமொன்றுக்குத் தொண்டராகச் சென்று வந்தாள். சுற்றத்தவர்களில் சிலர் வியந்தார்கள், சிலர் சிரித்தார்கள். "சித்தப்பா, போய்ப் பார்த்தால்தான் தெரியும்" என்று மட்டும் சொன்னாள். பின்னர் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டேன்.

லடாக்கின் தலைநகராகிய லே சுமார் 3,500 மீற்றர் உயரத்தில் உள்ளது. மழை குறைந்த மலைப்பாலைவனம். பௌத்தர்களும் முஸ்லிம்களும் வாழும் பூமி. அங்கே உல்லாசப் பயணிகள் பெருகியதாலும் இராணுவ முகாம்கள் நிறைந்திருப்பதாலும் உணவுக் கழிவுகள் மிகுந்தன. கழிவு மிகுந்த இடத்தில் நாய்களும் மிகுந்தன. குளிர்காலத்தில் பயணிகள் இல்லை, கழிவும் குறைவு. பசித்த நாய்கள் கூட்டமாகத் திரிந்து ஆடுகளையும் சில வேளைகளில் மனிதரையும் தாக்குகின்றன. அப்பிரதேசத்தின் சதுப்பு நிலங்களில் கூடு கட்டும் கருங்கழுத்துக் கொக்கு என்னும் அரிய பறவை ஒன்றோ இரண்டோ முட்டைதான் இடும். அம்முட்டைகளையும் குஞ்சுகளையும் நாய்கள் தின்றுவிடுகின்றன. நாயின் மீது இரக்கம் கொண்டால் கொக்கை மறக்க வேண்டும், கொக்கின் மீது இரக்கம் கொண்டால் நாயைக் கொல்ல வேண்டும் என்பது போன்ற நிலை. கொல்லுவதற்கோ அம்மக்களின் சமயம் இடங்கொடாது. இத்தகைய இடத்திற்குத்தான் முகாம் செல்கின்றது.

முகாம் என்றால் பெரிய கட்டிடம் அன்று. கிராமத்திலுள்ள மண்டபமோ பாடசாலை அறையோ கிடைத்தால் போதும். மேசைகள், விளக்குகள், கருவிகளைக் கொதிநீராவியில் கிருமி நீக்கும் பாத்திரம், கூடுகள், போர்வைகள் ஆகியவை வாகனத்தில் வந்து இறங்கும். அதிகாலையில் வலை கொண்டு நாய்களைப் பிடிப்பார்கள். நிறை பார்த்து, அதற்கேற்ப மயக்க மருந்து கொடுப்பார்கள். மருத்துவர் சிறு வெட்டொன்றின் வழியாகப் பெட்டை நாயின் சூலகங்களையும் கருப்பையையும் அகற்றுவார். கடுவனுக்கு விதைகளை அகற்றுவார். நோவுக்கு மருந்தும் விசர்நாய்க்கடி நோய்க்குத் தடுப்பூசியும் போடுவார்கள். மீண்டும் பிடிபடாதிருக்க, மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியில் சிறு அடையாளம் வெட்டுவார்கள். குணமான பின்னர், பிடித்த அதே இடத்திலேயே கொண்டுபோய் விடுவார்கள்.

மயக்கத்திலிருக்கும் விலங்கின் உடல் வெப்பம் இறங்கிவிடும். குளிர் தேசத்தில் அதுவே உயிருக்கு ஆபத்து. எனவே நாய் கண்விழிக்கும் வரை போர்வையால் மூடி, அருகிலிருந்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். எமது பிள்ளை பெரும்பாலும் செய்த பணி அதுவே.

இனி அடியார்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபங்களுக்கு வருவோம்.

முதலாவது, இறைவன் கொடுத்த பிறப்பைத் தடுப்பது பாவம் என்பது. இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. தாய்மை ஓர் உயிருக்கு உரியது. நாயிடம் நாம் சம்மதம் கேட்கவுமில்லை. ஆயினும் எதனோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றோம் என்பதே முக்கியம். நாயின் கர்ப்ப காலம் சுமார் 63 நாட்கள். ஒரு பெட்டை வருடத்தில் இரு தடவை ஈனக்கூடும், ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள். தெருவில் பிறக்கும் அக்குட்டிகளுட் பெரும்பாலானவை பசியாலும் நோயாலும் வாகனங்களில் அடிபட்டும் மாய்கின்றன. எஞ்சியவற்றை மனிதர் நஞ்சிட்டும் அடித்தும் கொன்றிருக்கின்றனர். சென்னை மாநகராட்சி நெடுங்காலம் தெரு நாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. எண்ணிக்கை குறைந்தபாடில்லை. கொல்லப்பட்ட நாய்களின் பங்கு உணவு எஞ்சியவற்றுக்குக் கிடைத்தது. அவற்றின் குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன. அயலிலிருந்தும் புதிய நாய்கள் வந்து சேர்ந்தன. கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று இந்திய புளூ கிராஸ் அமைப்பு 1964 ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தியது. மாநகராட்சி அதனை ஏற்றது 1996 இல். 2001 இல் இந்தியா முழுவதற்குமே அது விதியாயிற்று.

எமது முன்னோரும் உழவு மாடுகளுக்கு நலமடித்தார்கள். மயக்க மருந்து கிடையாது, மாட்டின் நன்மைக்காகவும் அன்று, எமது வயலுக்காக. அதைப் பாவம் என்று நாம் பேசியதில்லை. நாயின் துன்பத்தைக் குறைப்பதற்காக, நோவு தெரியாமல் செய்வதை மாத்திரம் பாவம் என்று சொல்வது எப்படி நியாயமாகும்? அதற்காக இதில் குறையே இல்லை என்று கூறவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த நாய் ஒன்றை இழக்கின்றது. அந்த இழப்பை உணர்ந்து, பணிவோடு, வேறு வழியின்மையால் செய்ய வேண்டிய காரியம் இது. பெருமையாகப் பேச இதில் ஒன்றுமில்லை.

இரண்டாவது, மனிதர் துன்பப்படும்போது நாய்க்கு ஏன் தொண்டு என்பது. விசர்நாய்க்கடி நோயால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. பெரும்பாலோர் ஆசிய, ஆபிரிக்க நாடுகளின் ஏழைகள். சந்தேகத்துக்குரிய விலங்குகளால் கடியுண்போரில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மனிதருக்கு இந்நோய் பெரும்பாலும் முழுவதுமே நாய் மூலம்தான் வருகின்றது. ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவுவது நின்றுவிடும். ஆகவே லடாக்கில் ஒரு நாயின் அருகே போர்வையோடு அமர்ந்திருக்கும் தொண்டர், அக்கிராமத்துப் பிள்ளைகளின் உயிரையும் காவல் செய்கின்றார்.

மூன்றாவது ஆட்சேபமே எனக்குக் கனமானதாகத் தெரிகின்றது. இரண்டு கிழமை வந்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு போவது தொண்டா, உல்லாசப் பயணமா? தன் நாட்டில் கத்தி பிடிக்க அனுமதியில்லாத மாணவர், ஏழை நாட்டு நாயில் கைப்பழக்கம் பெறலாமா? கூடாது என்பதே என் துணிபு. தன் வீட்டு நாய்க்குச் செய்யத் துணியாத ஒன்றை அயல் நாட்டுத் தெரு நாய்க்கும் செய்யலாகாது. இரக்கம் மட்டும் இருந்து திறமை இல்லாவிடின் அந்த இரக்கமே இம்சையாகிவிடும். தையல் பிரிந்தாலும் புண் சீழ் பிடித்தாலும் துன்பப்படுவது வாயில்லாச் சீவன். தொண்டரோ அப்போது விமானத்தில் இருப்பார்.

ஆகவே முகாமின் பெறுமதி, தொண்டர் போன பின்பு எஞ்சுவதில் இருக்கின்றது. உள்ளூர் மருத்துவர் ஒருவர் அப்பணியைக் கற்றுக்கொண்டாரா? புண்ணைப் பார்க்க ஆள் உண்டா? அடுத்த வருடமும் முகாம் வருமா? முப்பது வருடம் கோவைகளோடு வாழ்ந்தவன் என்பதால் நான் எமது பிள்ளையிடம் முதலில் கேட்டது பதிவேட்டைப் பற்றித்தான். ஒவ்வொரு நாய்க்கும் இலக்கம், பிடித்த இடம், நிறை, கொடுத்த மருந்து, விட்ட இடம் எல்லாம் எழுதப்படுகின்றன என்றாள். பிடித்த இடத்தை எழுதத் தவறினால் அந்த நாய் தெரியாத தெருவில் விடப்பட்டு, அங்குள்ள நாய்களால் குதறப்படும். கையெழுத்துத் தெளிவாக இருப்பதும் ஜீவகாருண்யத்தில் அடங்கும் என்று அன்று விளங்கிக்கொண்டேன். கத்தி பிடிக்கத் தெரியாதவர்க்கும் இப்பணியில் இடமுண்டு.

லடாக் எமக்குத் தூரம். ஆனால் எமது ஆலயத் தேர்முட்டியடியில் சாக்கில் கட்டி விடப்படும் நாய்க்குட்டிகள் தூரத்தில் இல்லை. கோயிலடியில் விட்டால் அன்னதானச் சோறு கிடைக்கும், பாவம் சேராது என்று எண்ணிக் கொண்டுவந்து விடுகின்றார்கள். வருபவற்றில் அனேகமானவை பெட்டைக் குட்டிகள். வளர்ந்தவை மீண்டும் ஈனுகின்றன. பக்தர்களைக் கடித்தால் கல்லெறி. சோறிடுவது பாதிக் கருணை. அதனால் வரும் பொறுப்பை ஏற்பதே மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைச் செய்யத்தான் யாரோ பெற்ற பிள்ளைகள் கடல் கடந்து போகின்றார்கள்.

இலங்கையில் தெரு நாய்களைக் கொல்லும் நடைமுறை 2006 இல் கைவிடப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையுமே வழியென ஏற்கப்பட்டது. எமது கிராமத்திற்கும் அத்தகைய முகாமொன்றை அழைப்பதற்கும், அதற்கு ஆலய வெளிவீதிக்கு அப்பாலுள்ள காணியைக் கொடுத்துதவுவதற்கும் தர்மகர்த்தா சபையில் பிரேரணை ஒன்றை முன்வைக்க எண்ணியுள்ளேன். வீட்டுப் பெட்டை நாயை அழைத்து வரும் ஒவ்வொரு குடும்பமும், நாய் பிடிக்கவும் போர்வை கொடுக்கவும் பதிவேடு எழுதவும் முன்வரும் ஒவ்வோர் இளைஞரும் வைரவப் பெருமானுக்கு வடைமாலை சாத்திய பலனைப் பெறுவார்கள் என்பது என் நம்பிக்கை.

சரமையின் கேள்விக்கு ஜனமேஜயன் மறுமொழி சொல்லவில்லை. எமது வீதியில் நிற்கும் தாய் நாய்க்கு நாமாவது மறுமொழி சொல்வோம். எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் எல்லா உயிர்க்கும் துணை நிற்பதாக.